இருபத்துமூன்றாம் நம்பர் சீட்டு

பிம்ப்ரியில் அந்த சோப்புக் கம்பெனியின் கேட்டுக்கு வெளியே ஆடி மழை கொட்டுகிறது. சோவியத் உடைந்து ஆர்டர் நின்றுபோனதிலிருந்து ஏழு மாதமாகப் பூட்டிக் கிடக்கும் கேட். ரிக்‌ஷாவில் வந்து இறங்கிய விக்டரை, சம்பளப் பாக்கி வராத தொழிலாளர்கள் சேற்றில் தள்ளி மிதிக்கிறார்கள். வருஷா வருஷம் வந்து சரக்கைச் சோதித்துப் போன ரஷ்யாக்காரன் அவன். பேக்கிங் செக்‌ஷன் அமல்ராஜ் சைக்கிள் செயினைக் கையில் சுற்றி வீசுகிறான். முதல் வீச்சிலேயே விக்டரின் காது கிழிந்து தொங்குகிறது. "பெட்டிய ஒடைடா, நம்ம பணம் அதுலதான் இருக்கும்" என்கிறான் கூட வேலை பார்த்த ஜெகதீசன். நாலு மிதியில் சூட்கேஸ் வாய் பிளக்கிறது. பணம் இல்லை. அவர்கள் செய்து அனுப்பிய அதே சோப்பு, பச்சைத் தாளில், கட்டுக் கட்டாக. கால்பட்டு நசுங்கிய சோப்பு மழையில் நுரைக்கிறது. நுரை ரத்தத்தோடு சேர்ந்து ரோஸ் நிறத்தில் சாக்கடைப் பக்கம் நகர்கிறது. வழுக்கி விழுந்த ஒருவன் அந்தக் கோபத்தையும் விக்டரின் விலாவில் காட்டுகிறான். "பகார்... மேரா பகார்" என்கிறான் விக்டர், பல் போன வாயால். இது என் சம்பளம், ரஷ்யாவில் பணத்துக்குப் பதில் இதைத்தான் கொடுத்தார்கள், நீங்களே திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்று அரைகுறை இந்தியில் கெஞ்சுகிறான். அமல்ராஜ் குனிந்து ஒரு கட்டைப் பிரிக்கிறான். கட்டியவன் தன் நம்பர் சீட்டை உள்ளே வைப்பது கம்பெனி வழக்கம். இருபத்துமூன்று. அவனுடைய நம்பர். "இன்னாடா நிக்கிற, போடு" என்கிறான் ஜெகதீசன். அமல்ராஜ் சீட்டைச் சட்டைப் பைக்குள் திணித்துவிட்டு, செயினைக் கையில் இன்னொரு சுற்று இறுக்கிக்கொள்கிறான்.