பாசி படிந்த ஆமை

பிரிவதென்று முடிவான பிறகு கணவனும் மனைவியும் பங்கு போட மிச்சமிருந்தவை தொட்டியிலிருந்த இரண்டு ஆமைகள்தான். ஒரே நாளில் வாங்கியவை. ஜெபராஜ் தன்னுடையதை வாரந்தோறும் பழைய பிரஷால் தேய்ப்பான். சுகிர்தா தன்னுடையதைத் தேய்க்க விட்டதே இல்லை. அதன் ஓடு முழுக்கப் பாசி. ஞாயிற்றுக்கிழமை அவள் அதை எடுத்துப்போக வருவதாக இருந்தது. அழுக்காகக் கொடுத்தனுப்ப மனமில்லாமல், காலையில் அதையும் தேய்த்துக் கழுவித் தொட்டியில் விட்டான்.

அவள் வந்து குனிந்து பார்த்தாள். “எது என்னோடது?”

“நீதானே தினம் செல்லம்னு கொஞ்சுவ. உனக்குத் தெரியாதா?”

“பச்சையா இருந்ததைப் பார்த்துத்தான் கொஞ்சுனேன். கழுவுனது நீங்கதானே?”

அவன் ஒன்றைத் தூக்கிப் பார்த்தான். பிறகு மற்றதை. இரண்டும் ஒன்றுபோலத் தலையை உள்ளிழுத்துக்கொண்டன.

“பாசி மறுபடி வர எத்தனை நாளாகும்?” என்று கேட்டாள்.

“தேய்க்காம விட்டா ரெண்டுலயுமே வந்துடும்.”

“அப்ப ரெண்டையும் தேய்க்காதீங்க,” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். ஆமையைக் கொண்டுபோக அவள் எடுத்துவந்த வாளி தொட்டியோரமே இருந்தது. கூப்பிட்டுக் கொடுப்பதா, வேண்டாமா என்று தெரியாமல் அவன் நின்றான்.