சத்தம் பத்தாத மிக்ஸி

"சத்தம் பத்தலம்மா. இதவிட சத்தமா எதுனா கீதா?"

ஏஞ்சலின் மிக்ஸியை நிறுத்திவிட்டு எதிரில் நின்றவரை ஏற இறங்கப் பார்த்தாள். கும்மிடிப்பூண்டி பஜாரில் இந்தக் கடைக்கு அவள் வேலைக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. சத்தம் அதிகம் என்று சண்டை போட்டு மாற்றிக்கொண்டு போனவர்களைப் பார்த்திருக்கிறாள். சத்தம் போதவில்லை என்று சொன்ன முதல் ஆள் இவர்தான்.

பரசுராமனுக்கு ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும். சிப்காட்டில் ஓர் இரும்புக் கம்பெனியில் வேலை. வண்டியிலிருந்து விழுந்து கால் முறிந்ததில் மூன்று மாதமாக வீட்டோடு இருக்கிறார். வந்த ஆட்டோவை வாசலில் காத்திருக்கச் சொல்லிவிட்டு, கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்திருந்தார்.

"இந்தக் கால வெச்சிக்கினு நீங்க எதுக்குணா அலையறீங்க? அண்ணிய அனுப்பியிருக்கலாம் இல்ல?"

"நான் வந்தது அவளுக்குத் தெரியாதும்மா. மிக்ஸி ரிப்பேராயி பத்து நாளாவுது. அதுலேர்ந்து சாப்பாடு எறங்கல, தூக்கம் இல்ல. இன்னிக்கு நல்லதா ஒண்ணு வாங்கிக்கினு போவலன்னா அவ படுத்துடுவா. எனக்கு பயமா கீது."

ஒரு மிக்ஸி இல்லாததற்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று ஏஞ்சலினுக்குச் சிரிப்பு வந்தது. எக்ஸ்சேஞ்சுக்காக அவர் கொண்டுவந்த பழைய மிக்ஸியைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்தாள்.

"மோட்டார் தீஞ்சி நாறுது. பிளேடு மட்டும் புச்சு மாதிரி கீதே! வெறும் ஜாரப் போட்டு ஓட்டினீங்களாணா?"

அவர் தட்டிலிருந்த புது மிக்ஸிகளைப் பார்த்தார்.

"சேந்தாப்ல அரை மணி நேரம் ஓடினாலும் தாங்கணும்மா. சின்னதா இருக்கணும், எங்க ஊட்டு மேடை துளியூண்டு."

"அரை மணி நேரமா? மசாலா யாவாரம் பண்றீங்களா?"

"இல்லம்மா. ரெண்டே பேருதான்."

ஏஞ்சலின் இன்னொரு மிக்ஸியை எடுத்துவைத்தாள். பரசுராமன் தடியை ஊன்றி ஊன்றி, ஃபேன்கள் வைத்திருந்த கோடிவரை போனார். அங்கே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"ஓட்டும்மா. ஓட்டிக்கினே எதுனா பேசு."

கிறுக்குத்தனமாக இருந்தாலும் வியாபாரம் ஆயிற்றே. அவள் மிக்ஸியை ஓடவிட்டு, கண்ணில் பட்டதைச் சொன்னாள்.

அவர் திரும்பி வந்தார். "சட்டை பட்டன மாத்திப் போட்டுக்கினு கீறேன்னு சொன்ன. நல்லா கேக்குது. இது வேணாம்." பட்டனைச் சரிசெய்துகொள்ளவும் அவருக்குத் தோன்றவில்லை.

அடுத்ததும் அப்படியே. "மழ வர்ற மாதிரி கீதுன்னு சொன்ன. இதுவும் வேணாம்."

ஏஞ்சலினுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. "அட, புரிஞ்சிட்ச்சுணா! அண்ணி உங்களத் திட்டறது காதுல வுழக்கூடாது, அதானே?"

கல்லாவில் இருந்த முதலாளிகூட வாய்விட்டுச் சிரித்தார். பரசுராமனும் சிரிக்கப் பார்த்தார். சரியாக வரவில்லை.

நான்காவது மிக்ஸி மேல்தட்டில் கிடந்தது. யாரும் சீண்டாமல் தூசி படிந்த பழைய மாடல், ஆனால் மோட்டார் கெட்டி, பத்து வருஷம் அசையாது. சுவிட்சைப் போட்டதும் பக்கத்துத் தட்டிலிருந்த பாத்திரங்கள் நடுங்கின. முதலாளி காதைப் பொத்திக்கொண்டார். ஏஞ்சலின் தொண்டை வறளக் கத்தினாள். கோடியில் நின்ற முதுகு அசையவே இல்லை.

"இன்னாம்மா சொன்ன?" என்று கேட்டபடி வந்தார்.

"இனிமே அண்ணி எவ்ளோ வேணா திட்டட்டும்னு கத்தினேன்!"

"ஒண்ணும் கேக்கலம்மா." அவர் முகத்தில் அப்போதுதான் கொஞ்சம் தெளிவு வந்தது. "இதான் வோணும். கட்டிக் குடு."

அட்டைப் பெட்டிக்குச் சணல் கட்டும்போதும் அவள் விடவில்லை. "பாவம்ணா அண்ணி. அவங்க கத்துவாங்க, நீங்க ஜாலியா கட்டில்ல படுத்துக்கினு கீறீங்க."

"அவ திட்டினா நல்லாத்தாம்மா இருக்கும்." அவர் குரல் தணிந்தது. "வண்டிய ஓட்டினது எம்புள்ள. நான் பின்னால குந்திக்கினு வந்தேன். எளாவூராண்ட லாரி மோதிட்ச்சு. எனக்குக் காலோட பூட்ச்சு, அவன் அங்கியே..."

ஏஞ்சலினின் கையிலிருந்த சணல் அப்படியே நின்றது.

"அவ ராப்பகலா அழுதுக்கினே இருந்தா. எனக்குத் தாங்கல. என் எதிர்ல அழுவாதடின்னு ஒருநாளு கத்தித் தொலைச்சிட்டேன். அன்னிலேர்ந்து கப்சிப். தெனம் மிக்ஸி மட்டும் ஓடும். சமையல்னு நெனச்சிக்கினு நான் கட்டில்ல கெடந்தேன்."

பெட்டியை இழுத்துத் தன் பக்கம் அணைத்துக்கொண்டார்.

"ஒருநாளு நடுவுல கரண்டு பூட்ச்சு. மிக்ஸி நின்னுட்ச்சும்மா. அவ அழுவுறது நிக்கல."

ஏஞ்சலினுக்குக் கண்ணீர் முட்டியது. "அழுன்னு இப்ப நீங்களே சொல்லலாமேணா..."

"கையப் புடிச்சிக்கினு சொல்லிட்டேன். நான் எதுக்கு அழுவப்போறேன்னு சிரிக்கிறாம்மா. மிக்ஸி எரிஞ்சி பத்து நாளாவுது, பெத்த புள்ளைக்கு அவ ஒரு சொட்டு கண்ணீர் உடல."