சாவு வீட்டில் லேப்டாப்

"ஐயாசாமிக்கு ஒத்தப் பிள்ளைதானே? அவனை எங்க காணோம்?"

பண்டாரம் சத்தம் போட்டுக் கேட்டார். கூடத்தில் பெட்டிக்குள் ஐயாசாமி படுத்திருந்தார். நீர் எடுத்து வர மகன் வேண்டும். சுடுகாட்டு வண்டி செடெனாக் ஊரைத் தாண்டிவிட்டதாம்.

மெர்சிங்கிலிருந்து வந்திருந்த ஐயாசாமியின் தங்கச்சி சந்திரமதி எழுந்து பின்னால் போனாள்.

அடுப்படியில் தரையில் உட்கார்ந்திருந்தான் ரூபேந்திரன். மடியில் லேப்டாப், காதில் போன்.

"ப்ராமிஸ் பெண்டிங்ல நிக்குதுடா... ஆமா, சர்வர் பக்கம்தான். அவெய்ட் போடாம விட்டிருக்கு... இரு, மறுபடி ஓட்டிப் பாக்கிறேன்."

சந்திரமதிக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை. அண்ணன் பிணமாகக் கிடக்க, மகன் வேலை பார்க்கிறான் என்பது மட்டும் நன்றாக விளங்கியது.

"அலமாக்! டேய் ரூபன், பெத்தவன் அங்க கிடக்கான், உனக்குக் கம்ப்யூட்டர் கேக்குதா?"

"அஞ்சு நிமிஷம் அத்தை."

"ஏன், உன் சிங்கப்பூர் முதலாளி சாவுக்குக்கூட லீவு குடுக்கலியா?"

அவன் தலையைத் தூக்கவில்லை.

அதற்குள் வாசலில் சத்தம். கையில் மாலையோடு லெட்சுமணன் நின்றிருந்தார். சந்திரமதியின் மகன் செல்வா கேட்டை மறித்துக்கொண்டு நின்றான்.

"எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வந்தீங்க?"

சும்மா கேட்கவில்லை அவன். டயாலிசிஸ் சென்டருக்கு நோயாளிகளை ஏற்றிப் போகும் வேன் லெட்சுமணனுடையது. வெள்ளிக்கிழமை ஐயாசாமி சாலை பிரியும் சிம்பாங் முனையில் வெயிலில் நின்றார். வேன் வரவில்லை. ரத்தம் சுத்தம் பண்ணாமலே வீட்டுக்குத் திரும்பினார். ராத்திரி மூச்சு முட்டியது. சனிக்கிழமை ஆஸ்பத்திரியில் முடிந்துபோனது.

"தம்பி, வியாழக்கிழமையே வேன் படுத்துருச்சி. இன்னும் பட்டறையிலதான் கிடக்கு. நாளைக்கு முடியாதுன்னு அப்பவே போன்ல அமுக்கிட்டேன்."

"பொய் சொல்லாதீங்க லா! இந்தா, மாமாவோட போன். என்ன போட்டிருக்கு? 'வேன் உறுதி. தயாராக இருங்கள்.' நீங்க முடியாதுன்னு சொன்னா இது எப்படி வரும்?"

லெட்சுமணன் அதைப் படித்தார். திரும்பப் படித்தார்.

"கொன்னுட்டு மாலை போட வந்திருக்காரு," என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

செல்வாவுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அதே வேகத்தில் அடுப்படிக்குப் போனான். லேப்டாப்பைப் பிடுங்கி மூடப் பார்த்தான்.

ரூபேந்திரன் அவன் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

"மூடாத மச்சான். கால்ல வேணும்னாலும் விழறேன், மூடாத."

சொல்லும்போதே உடைந்து அழுதான். நேற்றிலிருந்து அவன் அழுது யாரும் பார்க்கவில்லை.

"பாத்தீங்களா! அப்பன் செத்தப்ப ஒரு சொட்டு வரல. லேப்டாப்பத் தொட்டா அழறான்."

"இந்தக் கையா கொள்ளி வைக்கப் போவுது? காலக் கொடுமை."

அவன் எதையும் காதில் வாங்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னும் ரெண்டு வரி தட்டினான். திரையையே பார்த்தபடி இருந்தான்.

"ஓடுது," என்றான், யாரிடமோ சொல்வதுபோல. லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்தான்.

பண்டாரம் வேட்டியை நீட்டினார். அதை வாங்காமல் நேரே வாசலுக்கு நடந்தான். ஒதுங்கி நின்ற லெட்சுமணனின் கையைப் பிடித்தான்.

"உள்ள வாங்கண்ணே. அப்பாவுக்கு மாலை போடுங்க."

"என்ன மச்சான், இவரையா உள்ள கூப்பிடற?"

"அண்ணன் மேல தப்பில்ல செல்வா. அவர் முடியாதுன்னுதான் சொல்லியிருக்காரு. சென்டர் சர்வர்ல ஒரு புரோகிராம் ஓடுது. மறுநாள் வருவீங்களான்னு அதுதான் சாயங்காலம் அண்ணன போன்ல கேக்கும். பதில் உடனே வராது. வர்ற வரைக்கும் காத்திருந்துதான் நோயாளிங்களுக்குச் சொல்லணும். அது காத்திருக்கல. கேட்ட கையோட 'வேன் உறுதி'ன்னு எல்லாருக்கும் அனுப்பிருச்சி."

"இத்தனை நாளா நல்லாத்தானே இருந்திச்சி?"

"இதுக்கு முன்ன அண்ணன் ஒரு நாளும் முடியாதுன்னு சொன்னதில்ல. அதனால யாருக்கும் தெரியல. இன்னைக்கு ஞாயித்துக்கிழமை, சென்டர் பூட்டியிருக்கு. அப்படியே விட்டிருந்தா சாயங்காலம் திரும்பவும் அதே மெசேஜ் போயிருக்கும். நாளைக்குக் காலையில இன்னும் எத்தனை பேரு சிம்பாங்ல நிப்பாங்களோ."

செல்வா வழி விட்டான். சந்திரமதிக்கு மட்டும் மனசு ஆறவில்லை.

"எந்தப் பாவி செஞ்சு குடுத்தான்டா அதை? அவன் நல்லா இருப்பானா? இங்க வந்து எங்கண்ணன் மூஞ்சியப் பாக்கச் சொல்லு!"

ரூபேந்திரன் பெட்டியைத் திரும்பிப் பார்த்தான்.

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன் அத்தை."

அவனே மெதுவாகச் சொன்னான்.

"அன்னைக்குப் பக்கத்து வீட்டு மலர் அக்கா, கார்ல ஏறுங்க, சென்டர்ல விடறேன்னு கூப்பிட்டிருக்காங்க. 'வேன் வரும்மா, என் மவன் செஞ்சது பொய் சொல்லாது'ன்னு சிரிச்சிக்கிட்டே வெயில்ல நின்னாராம் அப்பா."