ஒளிவதற்குப் பட்டா

கண்ணாமூச்சி ஆட வந்த அணிலை நரி வழியிலேயே மறித்தது.

"ஒளியுறது இனிமே என் சொத்து. தாசில்தார் யானைகிட்ட பட்டா வாங்கியாச்சு. யார் ஒளியணும்னாலும் என்னைக் கேட்டுட்டுத்தான் ஒளியணும்."

அணிலுக்கு அலுப்பாக இருந்தது. போன வாரம்தான் ஓடிப்பிடிக்கிற ஆட்டத்துக்கு முயல் பட்டா போட்டிருந்தது.

"எங்க பாட்டன் காலத்துலேர்ந்து ஒளியுறோமேண்ணே?"

"எழுதி வெச்சாரா?"

எங்கே எழுதினார்! ஒளிந்தார், அவ்வளவுதான்.

"அப்ப என் பொந்துல நான் தூங்குறது?"

நரி யோசித்தது. "தூங்கிக்கோ. வால் மட்டும் வெளியே தெரியணும்."

சண்டை போட அணிலுக்குத் தெம்பில்லை. சரியென்று தலையாட்டிவிட்டு, காத்திருந்த கீரியிடமும் காடையிடமும் போய் விஷயத்தைச் சொன்னது.

நரியும் சேர்ந்துகொள்ள, சா பூ த்ரீ போட்டன. நரிதான் மாட்டியது. மரத்தில் முகத்தைப் புதைத்து, எண்ணி முடித்து, ஆசையாகத் திரும்பியது. மூன்றும் எதிரிலேயே உட்கார்ந்திருந்தன.

"ஏன் யாரும் ஒளியலை?"

"எங்கே ஒளியட்டும்னு உங்களைத்தானேண்ணே கேட்கணும்?" என்றது அணில்.

நரி ஒவ்வொன்றாகப் பார்த்தது. "கண்டுபிடிச்சிட்டேன்" என்றது, சத்தமே இல்லாமல்.

"ஆமாண்ணே, நீங்கதான் ஜெயிச்சீங்க." அணில் கொட்டாவி விட்டது. "நாளைக்கும் நீங்கதான்."