பிழைகள் போன குழி

பதினோரு மணி வெயில் கணினித் திரையில் விழுந்து கண்ணைக் கூசவைக்கிறது. ஆஸ்பத்திரியின் கணினிப் பிரிவில் வேலை பார்க்கும் அவள் நகரவில்லை, கட்டளையின் கடைசித் துண்டின் மேல் விரலை அழுத்தி வைத்திருக்கிறாள்: 2>/dev/null. ஆஸ்பத்திரியின் ஸ்கேன் படங்களைத் தினமும் நகலெடுக்கும் கட்டளை அது. அந்த வால், வருகிற பிழைச் செய்திகளையெல்லாம், எதைப் போட்டாலும் தடமில்லாமல் விழுங்கும் குழியில் தள்ளுகிறது. இன்று காலை, படங்கள் இருந்த மூல வட்டு செத்துப்போனது. நகலைத் தேடினால், ஐந்து மாதமாக ஒரு படம்கூட ஏறவில்லை. "இத யாரு சார் போட்டது?" மேலாளர் டீ கப்பின் விளிம்பைத் துடைத்துக்கொண்டே இருக்கிறார். "நான்தாம்மா. விடிஞ்சா அதே எர்ரர் மெயில். ஒரே நச்சரிப்பு." "நச்சரிப்பா? தொண்ட கிழியக் கத்தியிருக்கு சார் அது! நீங்க அது வாயப் பொத்திட்டு, எல்லாம் நல்லா ஓடுதுன்னு ரிப்போர்ட் போட்டிருக்கீங்க!" கண்ணாடிக் கதவுக்கு வெளியே, போன மாதத்துப் படத்தைக் கேட்டு வந்த ஒரு அம்மாள் டோக்கனைச் சுருட்டிச் சுருட்டிப் பிரிக்கிறாள். இவள் வாலை அழித்துவிட்டு, ஸ்கேன் மெஷினில் இருக்கும் இன்றைய படங்களைக் கொடுத்து, விசை பெயர்ந்து வருகிற மாதிரி என்டரைத் தட்டுகிறாள். 'வட்டில் இடமில்லை', 'வட்டில் இடமில்லை' என்று சிவப்பு வரிகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு இறங்குகின்றன. நகலுக்கு ஒரு புது வட்டு மாட்டியிருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும். மேலாளர் குரலைத் தாழ்த்துகிறார். "ஸ்கிரீன ஆஃப் பண்ணும்மா. வெளிய ஆளு இருக்காங்க." அவள் திரையை இரண்டு கையாலும் பிடித்து, கதவுப் பக்கம் திருப்பி வைக்கிறாள்.