கெட்டி டயர்

"வெட்டுன்னு சொன்னா வெட்டுலே. எதுக்கு முழிக்கிற?"

தருண்குமார் கத்தியை என் கையில திணிச்சாரு. கீழே நாலு டயர். அவரு கார்ல இருந்து நான் இப்பத்தான் கழட்டினது. மேல பட்டன் தேயாம முக்காவாசி அப்படியே இருந்துச்சு.

"நல்ல டயர் சார்."

"நல்ல டயரா இல்லையான்னு உன்கிட்ட கேட்டனா? ஒவ்வொண்ணுக்கும் பக்கவாட்டுல ஒரு கிழி. எவன் கைக்கும் போகக் கூடாது."

எவன் கைக்கும் போகக் கூடாதாம். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

பட்டாசுக் கம்பெனி முதலாளி மகன். கோயம்புத்தூர் ரேஸ் ட்ராக்ல ஓட்டுறதுக்குன்னே தனியா ஒரு கார் வச்சிருக்காரு. சிவகாசியில இத்தனை டயர் கடை இருந்தும் என்னைத் தேடித்தான் வருவாரு. நான் பதினொண்ணாப்புல பாதியில நின்னவன். ஆனா வீல் விஷயத்துல எவனுக்கும் பயந்து பேச மாட்டேன்.

அன்னிக்கும் அப்படித்தான். பளபளன்னு பதினேழு இஞ்ச் வீல் ஒரு செட்டு கொண்டுவந்து, "எப்படி இருக்கு மணி?"ன்னாரு.

"போட்டோ எடுக்க நல்லா இருக்கும். தூக்கிப் பாருங்க சார், என்னா வெயிட்டு! பழைய பதினஞ்சு இஞ்ச்சையே போடுங்க. வண்டி சுருக்குன்னு எடுக்கும், பிரேக்கும் பிடிக்கும். அதுல சாஃப்ட் டயர் போட்டா வளைவுல விடாது."

தூக்கிப் பார்த்தாரு. மூஞ்சி சுருங்கிப்போச்சு. ஆனா ஒத்துக்கிட்டாரு. பதினஞ்சு இஞ்ச் வீல்லயே புது டயர் ஏத்தினேன்.

"காத்து எம்புட்டு வைக்க?"

"முப்பத்திரண்டு வையி. ட்ராக்ல போய் இருபத்தெட்டாக் கொறைச்சுக்கிறேன். நாலு ரவுண்டுல டயர் வெந்து காத்து தானா ஏறிரும்."

அம்புட்டு நேரம் சிரிச்சுப் பேசுன மனுசன், கிளம்புறப்பத்தான் இந்தக் கத்தியை எடுத்தாரு.

"ஏன் சார்? யாராச்சும் இல்லாதவுக மாட்டிக்கிட்டுப் போறாக."

"செய்டான்னா செய்." மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுக் காரை எடுத்துட்டாரு.

எங்கம்மா ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில வேலை பாக்குது. சங்கையா மாமா வேன்லதான் போய் வரும். மொத்தம் பதினாலு பொம்பளைக. அந்த வேன் டயர் நாலும் மொட்டை. உள்ள இருக்க கம்பி எட்டிப் பாக்குது. "எங்கயாச்சும் பழைய பதினஞ்சு இஞ்ச் கெடைச்சா சொல்லுலே"ன்னு மாமா ஆறு மாசமாக் கெஞ்சிக்கிட்டு இருக்காரு.

கத்தியை ரேக்ல வச்சேன். மாமாவுக்குப் போனைப் போட்டேன்.

பொம்பளைகளை ஆலையில எறக்கி விட்டுட்டு நேரா வந்தாரு. கட்டைவிரலால டயரை அமுக்கிப் பார்த்தாரு. பள்ளமே விழல.

"ஏலே மருமகனே, கல்லு மாதிரில இருக்கு! இம்புட்டுக் கெட்டின்னா ரெண்டு வருசத்துக்குத் தேயாதேலே. இதையா வெட்டச் சொன்னான்?"

"பணத் திமிரு மாமா. தான் துப்புனதை நாய்கூட நக்கக் கூடாதும்பாய்ங்க."

மாட்டி முடிச்சதும் மாமா குனிஞ்சு பார்த்தாரு. "வேன் கொஞ்சம் தணிஞ்சு நிக்குதே?"

"நிக்கட்டும். எங்கம்மா ஏறி எறங்கச் சுளுவா இருக்கும்."

சிரிச்சுக்கிட்டே வேனை எடுத்துட்டுப் போனாரு. நாலையும் நானே பேலன்ஸ் பாத்து, நானே முறுக்கி விட்டது. சாயங்காலம் வரைக்கும் எனக்குப் பெருமை தாங்கல.

நாலு மணிக்கு வானம் கருத்துச்சு. மொதத் தூத்தல் விழும்போது போன் அடிச்சுச்சு. தருண்குமார்.

"கோயம்புத்தூர் வந்துட்டேன் மணி. அங்கன மழைன்னு வீட்டுல சொன்னாங்க."

"இப்பத்தான் விழுது சார்."

"டயரை வெட்டிட்டேல்ல?"

"அப்பவே ஆச்சு சார்." கூசாமச் சொன்னேன்.

மூச்சு விடுற சத்தம் கேட்டுச்சு.

"காலையில கத்திட்டேன். மனசுல வச்சுக்காத. போன வருசம் இதே மாதிரி ஒரு செட்டை எங்க டிரைவர் அய்யப்பன் கேட்டாருன்னு சும்மா குடுத்தேன். ட்ராக்ல வெந்து வெந்து ரப்பர் செத்துப்போகும் மணி. பட்டன் இருக்கும், பிடிப்பு இருக்காது. கல்லாயிரும். காஞ்ச ரோட்டுல ஒண்ணும் தெரியாது. மொத மழையில வெம்பக்கோட்டைக்கிட்ட வழுக்கி, வண்டி பள்ளத்துக்குள்ள... அவரு மகளுக்கு இன்னைக்கும் நடக்க வரல. நான் குடுத்த டயரு. அதைச் சொல்லத்தான் எனக்கு வாய் வர மாட்டேங்குது. அதான் வெட்டுன்னு மட்டும் சொன்னேன்."

நான் போனை வச்சேன். மாமாவுக்குப் போட்டேன். ஸ்விட்ச் ஆஃப். அம்மாவுக்குப் போட்டேன். ஸ்விட்ச் ஆஃப். பட்டாசு ஆலைக்குள்ள போன் ஆகாது. கேட்டுலயே அணைச்சுக் குடுத்துட்டுத்தான் போகணும், வேன் ஓட்டுறவுகளும்தான்.

மழைன்னா ஆலையில நேரத்தோட விட்டுருவாங்க. இந்நேரம் பதினாலு பேரும் ஏறியிருப்பாக.

பைக் சாவியை எடுக்க ரேக்குல கை விட்டேன். கத்தி தட்டுச்சு. ஒரு துணுக்கு ரப்பர்கூட ஒட்டாம, சுத்தமா இருந்துச்சு.

நாலு டயர். நாலு கிழி. அஞ்சு நிமிச வேலை. அதைத்தான் செய்யச் சொன்னாரு.

நான் செய்யல.