மாறிய பட்டை

வேம்பரசியின் குழந்தை மருத்துவமனையின் கண்ணாடிக் கருப்பையில் வளர்ந்தது. அதன் அசைவெல்லாம் அவள் இடுப்பில் கட்டியிருந்த பட்டை வழியே வயிற்றில் தெரியும். பேருந்து ஓட்டும்போது குழந்தைக்கு விக்கல் வந்தால், "பொறுடா தங்கம், ஸ்டாப் வந்துடும்" என்பாள்.

ஏழாம் மாதத்தில் நர்ஸ் தயங்கியபடி சொன்னாள்: "பட்டை மாறிப்போச்சுக்கா. நீங்க கட்டியிருக்கிறது இவங்க குழந்தையோடது."

பக்கத்தில் நின்றிருந்தாள் ஹசீனா. இருவரும் பட்டைகளை மாற்றிக்கொண்டார்கள். வேம்பரசியின் சொந்தக் குழந்தை சாதுவாகப் புரண்டது. மகிழ்ச்சிதான்; ஆனாலும் கண் கலங்கியது.

வாசலுக்கு வந்ததும் ஹசீனா பதறினாள்: "ஐயோ, என்னமோ துடிக்குதே!"

"விக்கல்தாங்க, பயப்படாதீங்க" என்று வேம்பரசி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "தானா அடங்கிடும். இந்தப் பிள்ளைக்கு மத்தியானமானா எப்பவும் இப்படித்தான்."